கேளுங்கள், சொல்கிறோம்: உச்சி வெயில் ஏன் 1 மணிக்கு?

கேள்வி: நண்பகல் 12 மணிக்குச் சூரியன் உச்சிக்கு வரும் என்கிறார்கள். எங்கள் பள்ளிக் கொடிக்கம்பத்தின் நிழலோ 1 மணி தாண்டித்தான் மிகவும் குறுகுகிறது. ஏன்?
– உயர்நிலை 2 மாணவி, ஈசூன்

பதில்: நிழலை நீங்களே கவனித்துக் கேட்டது பாராட்டத்தக்கது. பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்வதால், ஒரு பாகைக்கு 4 நிமிடம் ஆகிறது. சிங்கப்பூர் ஏறத்தாழ 104 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் அமைந்திருந்தாலும், 1982 ஜனவரி முதல் மலேசியாவைப் போலவே 120 பாகைக்குரிய நேரத்தைப் பின்பற்றுவதால், நம் கடிகாரம் சூரியனைவிட ஏறத்தாழ 64 நிமிடம் முந்திச் செல்கிறது. காலை 7 மணியளவில்தான் விடிவதற்கும் இதுவே காரணம்.

இந்த இடைவெளியும் நிலையானதன்று. பூமியின் அச்சு சாய்ந்திருப்பதாலும் அதன் பாதை நீள்வட்டமாக இருப்பதாலும், உச்சிப்பொழுது பிப்ரவரி நடுவில் 1.19 மணிவரை தள்ளிப்போய், நவம்பர் தொடக்கத்தில் 12.48 மணிக்கே வந்துவிடுகிறது.