மொரிசியஸில் நம் பக்கத்துக் காற்று கைட்போர்டிங்குக்குப் போதுமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேட்டவர் எழுதியிருப்பது இது: "பிளிக் அன் பிளாக்கில் குடியிருக்கிறேன். கைட்போர்டிங் கற்றுக்கொள்ள ஆசை. செயலியில் 18 நாட் காற்று என்று காட்டுகிறது. கடற்கரைக்குப் போனால் இலைகூட அசையவில்லை. பட்டம் வாங்கலாமா, பணம் வீணாகுமா?"

இப்போதைக்கு வாங்காதீர்கள். தீவில் காற்றுக்குப் பஞ்சமே இல்லை. நீங்கள் நிற்கும் இடத்துக்கு அது வந்து சேரவில்லை, அவ்வளவுதான். நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். வேலைக்காக மொரிசியஸ் வந்து ஒன்பது வருடம் ஆகிறது, பெரிய பட்டத்தின் இழுவையில் பலகைமேல் நின்று கடலில் சறுக்கும் இந்தக் கைட்போர்டிங்கைப் பிடித்து ஏழு வருடம். முதல் வருடம் முழுக்க நானும் செயலியைப் பார்த்துப் பார்த்து ஏமாந்தவன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் இந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மொரிசியஸுக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஓர் உயர் அழுத்தப் பகுதி கிட்டத்தட்ட நிரந்தரமாகவே உட்கார்ந்திருக்கிறது. அதன் வட விளிம்பிலிருந்து கிளம்புவதுதான் நமக்கு வரும் தென்கிழக்குக் காற்று. மே முதல் நவம்பர் வரை நம்பலாம். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை வலு அதிகம். ஊரில் "ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்போமே, அந்த ஆடி மாதம்தான் இங்கேயும் உச்சம். இதில் எனக்குத் தீராத ஓர் ஆச்சரியம் உண்டு. இங்கே தென்கிழக்கிலிருந்து வீசும் இந்தக் காற்றோட்டம் பூமத்திய ரேகையைத் தாண்டியதும் திரும்பி, தென்மேற்குப் பருவக்காற்றாக நம் ஊரை எட்டுகிறது. தீவின் தென்மேற்கு மூலையிலுள்ள லெ மோர்ன் கரையில் நின்று பட்டத்தை ஏற்றும்போதெல்லாம் ஊருக்குப் போகிற காற்றைப் பிடித்துக்கொண்டிருப்பதாகவே தோன்றும்.

சரி, உங்கள் பிளிக் அன் பிளாக் விஷயம். அது மேற்குக் கரை. தென்கிழக்கிலிருந்து வரும் காற்று தெற்குக் கரையில் ஏறி, 828 மீட்டர் சிகரம் இருக்கிற கறுப்பு ஆற்று மலைகளையும் நடு மேட்டையும் தாண்டித்தான் உங்களிடம் வர வேண்டும். வருவதற்குள் பாதி செத்துவிடும். மிச்சம் துண்டு துண்டாக வரும், அதுவும் நிலத்திலிருந்து கடலை நோக்கி. செயலிகளுக்கு எண் தரும் உலக வானிலைக் கணிப்பு மாதிரிகள் சுமார் பத்து கிலோமீட்டர் அகலக் கட்டங்களாகப் பிரித்துத்தான் கணக்குப் போடுகின்றன. மொரிசியஸின் நீளமே சுமார் 65 கிலோமீட்டர். அப்படிப்பட்ட கட்டத்துக்கு ஒரு மலையின் நிழல் எப்படித் தெரியும்? செயலி சொன்ன 18 நாட் பொய்யில்லை. அது திறந்த கடலின் எண், உங்கள் கரையின் எண் இல்லை. ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர், ஆகவே 18 நாட் என்றால் சுமார் 33 கிலோமீட்டர் வேகம். அந்த வேகத்துக் காற்று முகத்தில் பட்டால் யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

போதுமான காற்று என்றால் பலமான காற்று என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நான் மூன்றைப் பார்ப்பேன். எந்தத் திசை, எவ்வளவு சீர், எவ்வளவு வேகம். வேகம் கடைசியில்தான் வரும், இதில் நான் பிடிவாதக்காரன். வேகம் குறைந்தால் பெரிய பட்டம் எடுக்கலாம், கூடினால் சின்னது எடுக்கலாம். திசை கெட்டதற்கும் சீர் கெட்டதற்கும் மாற்றிப் போட எந்தப் பட்டமும் கிடையாது.

திசையைக் கடலைப் பார்த்து நின்றுதான் சொல்ல வேண்டும். காற்று இடது தோளிலோ வலது தோளிலோ பட்டால், அல்லது தோளுக்கும் மூக்குக்கும் நடுவே பட்டால் நல்லது. கரையை ஒட்டிப் போய்வரலாம், தவறினாலும் கரைக்கே வந்து சேர்வோம். நேரே முகத்தில் அடித்தால் கிளம்பிய இடத்திலேயே மணலில் கொண்டுவந்து போட்டுவிடும். முதுகில் பட்டால் அன்றைக்குத் தண்ணீரில் இறங்கவே கூடாது. பட்டம் கையை விட்டுப் போனால் காற்று நம்மைப் பவளத்திட்டுக்கு வெளியே, ஆழ்கடலுக்குத் தள்ளும். பிளிக் அன் பிளாக்கில் பெரும்பாலான நாட்களில் முதுகுக் காற்றுதான்.

சீர் என்பதை நான் அடிபட்டுத்தான் கற்றேன். ஓர் ஆகஸ்ட் ஞாயிறு, லெ மோர்ன். செயலி 17 நாட் என்றது. 12 சதுர மீட்டர் பட்டத்தின் ஓரக் குழாயை ஊதிக்கொண்டிருந்தேன். பக்கத்து ஊரான லா கோலெத்திலிருந்து என்னோடு வந்த தாத்தா ஒருவர் கரையில் உட்கார்ந்திருந்தார். வயதான மீனவர், நாலைந்து தலைமுறைக்கு முன் வந்த தமிழ்க் குடும்பம். கோவிலில் கற்ற பாட்டு வரிகளையும் "தம்பி" என்ற சொல்லையும் தவிர அவரிடம் தமிழ் அதிகம் மிச்சமில்லை. பேச்செல்லாம் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல்தான். அவர் தண்ணீரைக் காட்டி, "தம்பி, எனா திவான், மே லி பா போன்" என்றார். காற்று இருக்கிறது, ஆனால் அது நல்ல காற்று இல்லை என்று அர்த்தம். அவர் காட்டிய இடத்தில் லகூன் தண்ணீர், அதாவது கரைக்கும் பவளத்திட்டுக்கும் நடுவிலுள்ள தண்ணீர், திட்டுத் திட்டாகக் கறுத்து, ஒவ்வொரு திட்டும் தனித்தனியாக ஓடிவந்துகொண்டிருந்தது. நடுநடுவே கண்ணாடி மாதிரி சும்மா கிடந்தது தண்ணீர். நான் பார்த்தேன், ஆனால் கேட்கவில்லை. விடுமுறை நாள், வண்டி ஓட்டி வந்த தூரம், ஊதி முடித்த பட்டம், எல்லாம் சேர்ந்து என்னை இறக்கிவிட்டன.

முதல் பத்து நிமிடம் பட்டம் தொங்கியது. கயிறுகள் தளர்ந்து, துணியின் பின்விளிம்பு படபடவென்று அடித்துக்கொண்டது. சட்டென்று ஒரு கறுப்புத் திட்டு வந்து சேர்ந்தது. என்னைத் தூக்கி ஏழெட்டு மீட்டர் தள்ளி முழங்கால் ஆழத் தண்ணீரில் போட்டது. இடது மணிக்கட்டைப் பவளக்கல்லில் ஊன்றி விழுந்தேன், ஆறு வாரம் கட்டு. அன்றைக்குக் காற்று கிழக்குப் பக்கம் திரும்பியிருந்தது. லெ மோர்ன் மலை 556 மீட்டர். காற்று அதைச் சுற்றியும் மேலேறியும் உடைந்து வந்தது. தென்கிழக்கிலிருந்து வந்திருந்தால் அதே கரை தங்கமான கரை. தடுப்பின் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரை பின்னால் காற்று கலங்கியிருக்கும் என்பது ஒரு கைக்கணக்கு. 15 மீட்டர் சவுக்கு மரம் என்றால் 150 மீட்டர். மலைக்கு நீங்களே போட்டுப் பாருங்கள்.

சீர் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இழுவை வேகத்தோடு நேராக ஏறுவதில்லை, வேகத்தின் இருமடியாக ஏறுகிறது. 10 நாட் காற்று 20 ஆனால் பட்டம் நாலு மடங்கு இழுக்கும். 15 நாட் 20 ஆனாலே கிட்டத்தட்ட 1.8 மடங்கு. இது அனுபவசாலி தாங்கக்கூடியது. 11-லிருந்து 26-க்குத் தாவினால் ஐந்தரை மடங்கு, அதை யாரும் தாங்க வேண்டியதில்லை. செயலியில் சராசரிக்குப் பக்கத்தில் வீச்சுக் காற்று என்று, அதாவது இடையிடையே சட்டென்று எகிறும் வேகம், இன்னோர் எண் இருக்கும். பாதிப் பேர் அதைப் பார்ப்பதே இல்லை. எனக்கு அதுதான் முதல் எண். சராசரியைவிட மூன்றில் ஒரு பங்குக்குமேல் கூடியிருந்தால் கற்றுக்கொள்கிறவர் வீட்டில் இருப்பது நல்லது.

கருவி இல்லாமலே கண்ணால் நிறையப் பார்த்துவிடலாம். கடலில் வெள்ளை நுரைத் தலைகள் அங்கொன்று இங்கொன்றாகத் தெரிந்தால் சுமார் 10 நாட், நிறையத் தெரிந்தால் 15 பக்கம், எங்கு பார்த்தாலும் நுரையாகித் துளியும் பறந்தால் 20-ஐத் தாண்டிவிட்டது. ஆனால் லகூனுக்குள் இந்தக் கணக்கு ஏமாற்றும். பவளத்திட்டு அலையைத் தடுத்துவிடுவதால் 15 நாட் காற்றிலும் உள்ளே நுரை அதிகம் எழாது. திட்டின்மேல் அலை உடைகிற வெள்ளையோ காற்றே இல்லாத நாளிலும் இருக்கும். லகூனுக்குள் நுரையை விட்டுவிட்டுத் தண்ணீரின் தோலைப் பாருங்கள். நல்ல காற்றில் அது கோரைப்பாய் போல முழுக்க ஒரே மாதிரி வரி ஓடியிருக்கும். கெட்ட காற்றில் நான் சொன்ன கறுப்புத் திட்டுகள்.

காதும் உதவும். இந்தத் தீவின் கடற்கரையெல்லாம் சவுக்கு. ஃபிலாவோ என்பார்கள். மெல்லிய காற்றுக்கு அது மூச்சு விடுவதுபோல் சத்தம் போடும். 15 நாட்டைத் தாண்டினால் மழை தூரத்தில் பெய்வதுபோல் விடாத இரைச்சல். நான் வண்டியை நிறுத்தியதும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் இதைக் கேட்பேன். இரைச்சல் ஒரே மட்டத்தில் நின்றால் மனசு துள்ளும். ஏறி ஏறி அடங்கினால் பட்டத்தைப் பையிலிருந்து எடுக்கமாட்டேன். நடக்கும்போது கணுக்காலில் மணல் சுரீரென்று குத்தினால் 20-க்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள், சின்னப் பட்டம்.

கைக் காற்றுமானி ஒன்று வாங்குங்கள். பட்டத்துக்கு முன் அதுதான் தேவை. மரத்துக்கும் வண்டிக்கும் பின்னால் நின்று அளக்காதீர்கள். தண்ணீர் ஓரம் வரை போய், கையைத் தலைக்கு மேல் நீட்டி, முழுசாக இரண்டு நிமிடம் பிடியுங்கள். குறைந்தது எவ்வளவு, கூடியது எவ்வளவு என்று இரண்டையும் பாருங்கள். செயலிகள் காட்டுவது தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்துக் காற்று, பட்டமோ இருபது மீட்டருக்கும் நீளமான கயிற்றில் இன்னும் மேலே பறக்கும். அதனால் கையில் 14 காட்டினால் மேலே அதைவிடக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.

வேகக் கணக்கு சுலபம். 70, 75 கிலோ எடையுள்ளவருக்கு 14 முதல் 18 நாட் வரை 12 சதுர மீட்டர், 18 முதல் 24 வரை 9, அதற்கு மேல் 30 வரை 7. எடை குறைந்தால் பட்டமும் குறையும். கற்கும்போது 12-க்கும் 18-க்கும் நடுவே சீராக வீசுகிற நாள்தான் உங்கள் நாள். 30-க்கு மேல் எனக்கும் வேண்டாம். டிசம்பர் முதல் மார்ச் வரை காற்று நம்பகமில்லாதது, புயல் காலத்தின் உச்சமும் அதுதான். வானிலைத் துறையின் புயல் எச்சரிக்கை ஆரம்பக் கட்டமான முதல் வகுப்பில் இருக்கும்போதே காற்று அருமையாக எழுந்துவிட்டது என்று சிலர் கிளம்புவார்கள். தயவுசெய்து அவர்களோடு போகாதீர்கள். இங்கே குளிர்காலமான ஜூன் முதல் செப்டம்பர் வரையிலும் ஒன்றைக் கவனியுங்கள்: கடல் பக்கமிருந்து சாம்பல் நிற மழைத்திரை நெருங்கினால் அதன் முன்விளிம்பில் காற்று சட்டென்று எகிறும். அது வருவதற்கு முன்னால் பட்டம் தரையில் இருக்க வேண்டும்.

இனி உங்களுக்கு என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். வீட்டுப் பக்கத்துக் கடற்கரையை விட்டுவிடுங்கள், அங்கே நீச்சலுக்குப் போங்கள். தென்கிழக்குக் காற்று நாட்களில் லெ மோர்ன், உங்களுக்கு வண்டியில் எட்டக்கூடிய தூரம்தான். காற்று கிழக்கே திரும்பினால் மலைக்குக் கீழே நிற்காமல் தெற்குக் கரையில் பெல் ஓம்பர் பக்கம் போய்ப் பாருங்கள். அங்கே கடலிலிருந்து தடையில்லாமல் வருகிறது. வடக்கே ஆன்ஸ் லா ரே, கிழக்கே பெல் மார் இரண்டும் நல்ல கரைகள், ஆனால் உங்களுக்குத் தீவைக் குறுக்கே கடக்க வேண்டும். லெ மோர்னில் கற்றுத்தரும் பள்ளிகள் உண்டு, அங்கேயே தொடங்குங்கள். திட்டுக்கு வெளியே 'ஒன் ஐ' (ஒற்றைக் கண்) என்று ஒரு பெரிய அலை உடையும், படத்தில் பார்த்து ஆசைப்பட்டிருப்பீர்கள். அந்தப் பக்கம் நீரோட்டமும் கூர்ப்பவளமும் இருக்கிறது. முதல் இரண்டு வருடம் அதைக் கரையிலிருந்தே ரசியுங்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி இரண்டு மாதம் எழுதுங்கள். தேதி, இடம், செயலி சொன்னது, காற்றுமானி காட்டிய குறைந்ததும் கூடியதும், திசை, தண்ணீர் எப்படி இருந்தது. போகும் நாளெல்லாம் ஒரு வரி போதும். என் நோட்டில் ஜூலை மாதத்துக்கு லெ மோர்னில் பாதிக்கு மேல் 18-இலிருந்து 24 வரைதான் இருந்தது. நான் வைத்திருந்ததோ 12 சதுர மீட்டர். கடைக்காரர் சொன்னதை நம்பி வாங்கியது, எத்தனையோ நல்ல நாட்களில் பையை விட்டு வெளியே வரவே இல்லை. அதை விற்றுவிட்டு 9 வாங்கினேன். உங்கள் நோட்டில் எந்த வேகம் அதிகம் வருகிறதோ, அதற்கு ஏற்ற அளவில் முதல் பட்டத்தை வாங்குங்கள்.