கோவிலிலுமா பெரட்டு?

கேள்வி: ஐயா, என் மகனுக்கு 19 வயது. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோவிலிலேயே வளர்ந்தவன், தேவார வகுப்புக்கெல்லாம் போனவன். இரண்டு வருடமாகக் கோவிலுக்குப் புதுத் தலைவர். வெள்ளிக்கிழமை பூசையில் பையன்களின் பெயரைக் கூப்பிடுகிறார், வராதவனுக்கு 5 ரிங்கிட் அபராதம். முடி நீளமாக இருந்தால் தட்டைத் தொடக்கூடாது. அவர் வாசலில் நின்றால் மோட்டாரை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். திருவிழாக் கணக்கைக் கேட்ட என் மகனை எல்லார் முன்னாலும் "வெளியே போடா" என்றுவிட்டார். இப்போது அவனும் கூட்டாளிகள் ஆறு பேரும் பக்கத்துத் தோட்டத்து முனியாண்டி கோவிலில் உறுமி அடிக்கிறார்கள். பையன் கெட்டுப்போய்விடுவானோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், பந்திங்

பதில்: முனியாண்டிக்கு உறுமி அடிக்கிறவன் சாமியை விட்டு எங்கேம்மா போனான்? தலைவரை விட்டுத்தான் போயிருக்கிறான்.

அந்த மோட்டார் விஷயத்தைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1941-ல் உங்கள் பக்கத்துக் கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்களே, சம்பளம் கூட்டு, கள்ளுக்கடையை மூடு என்பதோடு அவர்கள் வைத்த இன்னொரு கோரிக்கை, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. பட்டாளத்தை விட்டு அடக்கினார்கள், முன்னால் நின்ற ஆர்.எச்.நாதனை நாடு கடத்தினார்கள். துரை போய்விட்டார், சரி, இப்போது அந்த இடத்தில் நம்ம ஆளே வந்து நிற்கிறார்! பெயர் கூப்பிடுவதும் வராதவனைத் தண்டிப்பதும் எந்தத் தேவாரத்தில் இருக்கிறது? அது பெரட்டில், அதாவது தோட்டத்தில் விடியற்காலையில் வேலையாட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் இடத்தில், இருந்த பழக்கம்.

கட்டுப்பாடே கூடாது என்று சொல்லவில்லை. குடித்துவிட்டுக் காவடி எடுக்க வருகிறவனைத் தடுத்தால் நானும் தலைவர் கட்சிதான். கணக்குக் கேட்டவனை விரட்டியதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

திருக்கோஷ்டியூர் நம்பி இராமானுசரை 18 தடவை நடக்கவிட்டு, யாருக்கும் சொல்லாதே என்று உபதேசித்த மந்திரத்தை அவர் கோபுரத்தில் ஏறி ஊருக்கே சொன்னாராம். முதலில் கோபப்பட்ட அதே குரு பிறகு அவரைக் கட்டிக்கொண்டார் என்பார்கள் வைணவர்கள். உங்கள் தலைவரிடம் அவ்வளவு பெரிய மனசை நான் எதிர்பார்க்கவில்லை. அதனால் கோபுரம் ஏற வேண்டாம், ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போங்கள். சங்கங்களின் பதிவிலாகாவில் பதிந்த கோவிலாக இருந்தால், கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் கணக்கோடு ஆண்டறிக்கை அனுப்பியாக வேண்டும், 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. சந்தா கட்டிய உறுப்பினர் என்றால் நீங்களே எழுந்து கேளுங்கள். பையன் கேட்டால் திமிர் என்பார்கள், நாலு அம்மாமார் சேர்ந்து கேட்டால் அப்படிச் சொல்ல வாய் வராது.

அப்புறம், மகனைக் கையைப் பிடித்துப் பழைய கோவிலுக்கு இழுக்காதீர்கள். ஒருநாள் அவன் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து, அவன் உறுமி அடிப்பதைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.