பக்கத்து வீட்டு வைஃபை தெரிகிறது, எங்களுடையது தெரியவில்லை!

கேள்வி: மகள் பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு லினக்ஸ் போட்டு வைத்திருக்கிறோம். புதிதாக வாங்கிய பாக்கெட் ஹாட்ஸ்பாட் (சிம் போட்டு வைஃபை தரும் சின்னக் கருவி) என் போனில் வேலை செய்கிறது. லேப்டாப்பில் அக்கம்பக்கத்து வைஃபை பெயர்கள் வருகின்றன, எங்களுடையது மட்டும் வரவில்லை. விண்டோஸ் போடச் சொல்கிறார் கடைக்காரர். போட வேண்டுமா?
- ஒரு வாசகி, வியாசர்பாடி

பதில்: வேண்டாம் அம்மா, அந்தக் காசு மகளின் படிப்புக்கு இருக்கட்டும். தண்டையார்பேட்டையில் என்னிடம் வரும் பழைய லேப்டாப்கள் பலவற்றிலும் இதே கதைதான். லினக்ஸ் இந்த லேப்டாப்களுக்குப் புதிதும் இல்லை. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தின் ஆரம்பகால லேப்டாப்களில் விண்டோஸோடு, நம் நாட்டில் உருவான பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது.

அக்கம்பக்கத்துப் பெயர்கள் தெரிகின்றன என்று எழுதினீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. வைஃபை கார்டும் அதை இயக்கும் மென்பொருளான டிரைவரும் நன்றாக இருக்கின்றன. பழைய கார்டுகள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே எட்டும். உங்கள் புது ஹாட்ஸ்பாட் 5 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது என்றே நினைக்கிறேன். போனுக்கு இரண்டும் எட்டும், அதனால் அங்கே சிக்கல் இல்லை.

போனை ஹாட்ஸ்பாட்டில் இணைத்துக்கொண்டு, அதன் ஸ்டிக்கரில் உள்ள முகவரியை பிரவுசரில் அடியுங்கள். வைஃபை செட்டிங்ஸில் 2.4-க்கு மாற்றிச் சேமியுங்கள். ஏற்கெனவே 2.4-இல் இருந்தால் சேனல் எண்ணைப் பாருங்கள். 12, 13-ஆம் சேனல்களைச் சில லேப்டாப்கள் தேடுவதே இல்லை. 1, 6, 11-இல் ஒன்றை வையுங்கள். பெயர் வந்தும் பாஸ்வேர்டை ஏற்காவிட்டால், பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ3-இலிருந்து டபிள்யூபிஏ2-க்கு மாற்றினால் போதும்.

மகளுக்கு இன்றைக்கே நெட் வேண்டுமா? ஹாட்ஸ்பாட்டை சார்ஜர் ஒயரால் லேப்டாப்பின் யூஎஸ்பியில் செருகிப் பாருங்கள். டேட்டா போகும் ஒயராக இருக்க வேண்டும். பல ஹாட்ஸ்பாட்களை உபுண்டு தானாகவே ஒயர் இணைப்பாக எடுத்துக்கொள்ளும்.

அப்புறம் ஒன்று, இதைக் கட்டாயம் செய்யுங்கள். வைஃபை கிடைத்ததும் லேப்டாப்பில் அந்த வைஃபையின் செட்டிங்ஸில், டேட்டா அளவுள்ள இணைப்பு என்ற மீட்டர்டு குறியைப் போடுங்கள். பெரிய அப்டேட்டுகள் தாமாக இறங்குவது பெரும்பாலும் நிற்கும். தினசரி டேட்டா மகளின் பாடத்துக்கு மிஞ்சும்.