மருமகள்கள் மட்டும்தானா?

கேள்வி: சமீபத்தில் 'பாமா விஜயம்' படத்தைக் குடும்பத்தோடு மறுபடி பார்த்தோம். மருமகள்களின் பகட்டு ஆசை ஒரு நல்ல குடும்பத்தை எப்படிக் கடனில் தள்ளும் என்று இதைவிட அழகாகச் சொன்ன படம் உண்டா?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: அழகாகச் சொன்ன படம், சரி. ஆனால் மருமகள்களின் ஆசை என்று நீங்கள் எழுதியிருப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

1967இல் கே. பாலசந்தர் எடுத்த படம் அது. அப்பா எதிராஜாக டி.எஸ். பாலையா, மகன்களாக மேஜர் சுந்தரராஜன், முத்துராமன், நாகேஷ், மருமகள்களாக சௌகார் ஜானகி, காஞ்சனா, ஜெயந்தி. பக்கத்து வீட்டுக்கு ராஜஸ்ரீ, பாமா என்ற நடிகையாகக் குடிவருகிறார். கவனியுங்கள், இந்த வீட்டுக்குத் திடீர்ப் பணம் வரவே இல்லை. வந்தது பணக்காரப் பக்கத்து வீடு. அவ்வளவுதான் நடந்தது. அதற்கே வீடு ஆட்டம் காண்கிறது. நடிகையின் முன்னால் வசதியானவர்களாகத் தெரிய வேண்டும், அவள் தன்னோடுதான் அதிகம் பழக வேண்டும். இந்தப் போட்டிதான் கடனைக் கொண்டு வருகிறது.

அந்தப் போட்டியில் ஆண்கள் இல்லையா? நடிகை பெயரைக் கேட்டதும் அந்த மூன்று அண்ணன் தம்பிகளும் வாயைப் பிளக்கவில்லையா? மனைவி கேட்டாள் என்று கடன் வாங்கியவன் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! நம் வீடுகளிலும் இதுதான் நடக்கிறது. கார் வாங்குவது கணவரின் முடிவு, தவணை கட்ட முடியாமல் போனால் மனைவியின் ஆடம்பரம். இந்த நியாயம் எனக்குப் பிடிக்கவில்லை. படத்திலும் கேலி பெண்கள் பக்கமே கொஞ்சம் கூடுதலாக விழுகிறது, அது குறைதான்.

ஆனால் கணக்கைச் சொல்லும்போது படம் யாரையும் விடவில்லை. அரசுக் கணக்குகளைப் பார்க்கும் ஏ.ஜி. ஆபீஸில் வேலை பார்த்தவர் பாலசந்தர். மாதச் சம்பளக் குடும்பத்தின் இருபத்தைந்தாம் தேதி எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். வரவு எட்டணா, செலவு பத்தணா என்று கண்ணதாசன் எழுதிய பாட்டை மாமனாரும் மகன்களும் மருமகள்களும் சேர்ந்துதான் பாடுகிறார்கள். ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற பழைய கணக்கு போய், 1957இலேயே ரூபாய்க்கு நூறு நயா பைசா வந்துவிட்டது. பத்து வருஷம் கழித்தும் நம் ஜனங்கள் அணாவில்தான் கணக்குப் பார்த்தார்கள், அதனால்தான் பாட்டு வீட்டுக்கு வீடு ஒட்டிக்கொண்டது. எட்டுக்கு இரண்டு அதிகம் என்றால் நூற்றுக்கு 25. சின்னத் தொகை மாதிரி காதில் விழுகிறது. நாலு மாதத்தில் ஒரு முழுச் சம்பளம் கடனாக நிற்கும்.

அழுகை வேடங்களிலேயே அதிகம் பார்த்த சௌகார் ஜானகி இதில் எவ்வளவு லேசாக நகைச்சுவை செய்கிறார் என்பதை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை.

அடுத்த தடவை பார்க்கும்போது ஒன்று செய்யுங்கள். பாமா அந்த வீட்டுக்குள் வரும் காட்சியில் மருமகள்களை விட்டுவிட்டு மகன்களின் முகத்தைப் பாருங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள்.