ஜாக்கோ பாஸ்டோரியஸை இன்னும் ஏன் கொண்டாடுகிறார்கள்?

கேள்வி இதுதான்: "பாஸ் கிட்டார் பழகும் யாரைக் கேட்டாலும் ஜாக்கோ பாஸ்டோரியஸ் பெயரைச் சொல்கிறார்கள். 1987-லேயே போய்ச் சேர்ந்த மனிதர். வேகமாக வாசித்தார் என்பதற்காகவா இத்தனை கொண்டாட்டம்?"

நான் மெல்லிசைக் குழுக்களில் பாஸ் வாசிக்கிறவன். மேடையில் எங்களை யாரும் கவனிப்பதில்லை, சவுண்ட் செக்கில்கூடக் கடைசியில்தான் கூப்பிடுவார்கள். அதனால் ஜாக்கோ விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பாரபட்சம் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வேகம் இருந்தது, மறுக்கவில்லை. 1976-இல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தின் முதல் டிராக்கே 'டோனா லீ'. சார்லி பார்க்கர் சாக்ஸபோனில் வாசித்த பழைய பீபாப் (வேகமான ஜாஸ் வகை) உருப்படி. சாக்ஸபோன்காரர்களுக்கே மூச்சு வாங்கும் அந்த மெலடியை ஜாக்கோ பாஸில் வாசித்தார். துணைக்கு டான் அலியாஸ் கையால் தட்டும் கொங்கா மேளம் மட்டும். பியானோ இல்லை, டிரம்ஸ் இல்லை. ஆனால் இன்றைக்கு யூடியூபைத் திறந்தால் அதைவிட வேகமாக வாசிக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வேகம்தான் எல்லாம் என்றால் அவரை எப்போதோ மறந்திருப்பார்கள்.

வித்தியாசம் தொனியில் இருக்கிறது. அவர் வைத்திருந்தது 1962 மாடல் ஃபெண்டர் ஜாஸ் பாஸ், ஃப்ரெட்டுகள் (கழுத்தில் விரல் வைக்கும் இடத்தைக் காட்டும் குறுக்குக் கம்பிகள்) பிடுங்கப்பட்டது. அந்தப் பள்ளங்களை அடைத்து, மேலே படகுக்குப் பூசும் எபாக்ஸியைப் பூசியிருந்தார். அது அழகுக்காகச் செய்தது இல்லை. அவர் போட்டது சொரசொரப்பான ரவுண்ட்வவுண்ட் கம்பிகள். வெறும் மரமாக இருந்தால் அவை அராவித் தின்றுவிடும். அந்தக் கெட்டியான பூச்சின் மேல் கம்பி உரசும்போது நாதம் நீண்டு நிற்கும், கூடவே ஒரு முனகலும் வரும். வலது கையைப் பிரிட்ஜ் (கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பகுதி) பக்கம் தள்ளி வைத்து, கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்புகளில் பின்பக்கத்தை மட்டும் திறந்து வாசித்தால் அந்த முனகல் இன்னும் தெளிவாகக் கேட்கும். ஃப்ரெட் இல்லாத பாஸ் அவருக்கு முன்பே கடையில் விற்றதுதான். அதைப் பாட வைத்தது அவர்.

வீணைக்கு மெட்டு உண்டு, வயலினுக்கு இல்லை. வயலினில் விரல் நூலளவு தள்ளினாலும் சுருதி போய்விடும் அல்லவா? ஃப்ரெட் இல்லாத பாஸும் அப்படியே. பாஸில் கழுத்து நீளம், கம்பி தடிமன், அதனால் கஷ்டம் இன்னும் அதிகம். ஜாக்கோ ஓட்டத்திலும் சுருதி விலகாமல் நிற்பார். எனக்கு மலைப்பாக இருப்பது இதுதான்.

தாளம் இன்னொரு பக்கம். ஜாக்கோ வளர்ந்தது ஃப்ளோரிடாவில். அப்பா டிரம்மர், பாடகர். மகனும் டிரம்ஸில்தான் ஆரம்பித்தார். சிறுவயதில் அமெரிக்க ஃபுட்பால் ஆடும்போது மணிக்கட்டு முறிந்ததால் பாஸுக்கு வந்தார். டிரம்மர் கை என்பது கடைசிவரை தெரியும்: ஒரு அடிக்குள் நாலு தட்டு, அதில் பாதி சுரமாக ஒலிக்காமல் விரலால் அமுக்கிய வெறும் 'டப்'. அவர் வாசித்த வெதர் ரிப்போர்ட் என்ற ஜாஸ் குழுவின் 'ஹெவி வெதர்' ஆல்பத்தில் (1977) 'டீன் டவுன்' என்று ஒரு டிராக். அதில் பாஸும் அவரே, டிரம்ஸும் அவரே.

அதே ஆல்பத்தின் 'பேர்ட்லேண்ட்' தொடக்கத்தைக் கேளுங்கள். அடியில் ஓடுவது ஜோ ஸாவினுலின் சின்தசைஸர். மேலே கணீரென்று வரும் மெலடியைப் பலர் கிட்டார் என்று நினைக்கிறார்கள், அது ஜாக்கோவின் பாஸ். இடது கை சுரத்தைப் பிடித்திருக்கும். வலது கைக் கட்டைவிரல் ஒரு ஸ்தாயி மேலே கம்பியை லேசாகத் தொட்டபடி இருக்க, அதற்குப் பின்னால் இன்னொரு விரல் மீட்டும். உடனே மணி போல உயர்ந்து ஒலிக்கும் அந்த ஹார்மானிக் கிளம்பும். அவருடைய 'போர்ட்ரெய்ட் ஆஃப் ட்ரேஸி' உருப்படி பெரும்பாலும் ஹார்மானிக்குகளாலேயே ஆனது. வாசித்துப் பார்த்தால் சுண்டுவிரல் நம்மைச் சபிக்கும்.

ஆனால் அவருடைய உச்சம் எது என்று கேட்டால் நான் பாடகி ஜோனி மிட்சலின் 'ஹெஜிரா' ஆல்பத்தைச் சொல்வேன் (1976). அதில் நாலு பாட்டுக்குத்தான் ஜாக்கோ வாசித்தார். வழக்கமான பாஸ்காரர் கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின்) மூலச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு அடியிலேயே கிடப்பார். இவர் 'கயோட்டி'யில் பாடகி ஒரு வரி முடித்து மூச்சு விடும் இடத்தில் மேலேறிப் பதில் சொல்லிவிட்டு, அவர் திரும்பப் பாட வரும்போது இறங்கிவிடுகிறார். பாட்டின் சொற்களைக் கேட்டுக்கொண்டே வாசிக்கும் ஒருவருக்குத்தான் இது வரும்.

அவருக்குப் பின் வந்த பலர் எடுத்துக்கொண்டது ஓட்டத்தையும் முனகலையும். வாசிக்காமல் நிறுத்திய இடங்களை எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. 80-களின் பாப் பாட்டுகளில் ஃப்ரெட்லெஸ் பாஸ் ஒரு ஃபேஷனாகவே ஆனதில் அவர் பங்கு பெரிது. பாஸ் கலைஞர் மார்கஸ் மில்லர் 'மிஸ்டர் பாஸ்டோரியஸ்' என்றே ஒரு உருப்படி எழுதி, டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் அதை வாசித்தார்.

அவருடைய முடிவைப் பற்றி விரிவாக எழுத எனக்கு மனமில்லை. 1982-இல் இருமுனைக் கோளாறு (பைபோலார் என்ற மனநோய்) என்று மருத்துவர்கள் கண்டார்கள். குடியும் சேர்ந்துகொண்டது, நியூயார்க் தெருக்களில் தங்கினார். 1987 செப்டம்பரில் ஃப்ளோரிடாவில் ஒரு கிளப் வாசலில் காவலாளி அடித்ததில் நினைவிழந்து, 35 வயதில் இறந்தார். "மேதைக்குப் பைத்தியம்தான் விலை" என்று இதற்கு உச்சுக்கொட்டுகிறவர்களைக் கண்டால் எரிச்சல் வருகிறது. அவருடைய நல்ல பதிவுகளில் பெரும்பாலானவை உடலும் மனமும் சரியாக இருந்த வருஷங்களில் வந்தவை. நோய் அவருக்கு எதையும் கொடுக்கவில்லை. 1985-இல் எடுத்த பாடம் சொல்லும் வீடியோ ஒன்றில், ஜாக்கோ சின்ன வயதில் கேட்டு வளர்ந்த பாஸ் கலைஞர் ஜெர்ரி ஜெமாட் எதிரில் உட்கார்ந்து அவரைப் புகழ்ந்துகொண்டே போவார். ஜாக்கோ சிரித்துக்கொண்டு, வாசிக்க ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்பார்.

அந்த ஃபெண்டரும் 1986-இல் நியூயார்க்கில் திருடு போனது. இருபது வருஷம் கழித்துத்தான் மறுபடி வெளியே வந்தது. குடும்பத்துக்கு அது திரும்பக் கிடைக்கப் பணம் கொடுத்து உதவியவர் மெட்டாலிகாவின் ராபர்ட் ட்ருஹீயோ, அதாவது ஹெவி மெட்டல் ஆள்!

கேட்க ஆரம்பிப்பதானால் 'டோனா லீ'யில் ஆரம்பிக்காதீர்கள், பயந்துவிடுவீர்கள். முதலில் 'கயோட்டி', பிறகு முதல் ஆல்பத்தில் இருக்கும் 'கன்டினியம்', அப்புறம் 'பேர்ட்லேண்ட்'. ஹெட்ஃபோன் கட்டாயம். மொபைல் ஸ்பீக்கரில் பாஸ் காதுக்கே வராது. கேட்டுவிட்டு "என்னப்பா இதில் இருக்கு" என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.