மீட்டர் பொய் சொல்லுமா?

கேள்வி: எங்களுக்கு மின்சாரம் தரும் சிறிய தனியார் நிறுவனத்தின் பில் திடீரென இரண்டு மடங்கு. கேட்டால், ‘மீட்டர் பொய் சொல்லாது’ என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: சொல்லும், என்னிடமே சொல்லியிருக்கிறது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மீட்டரின் சின்னச் சிவப்பு விளக்கைப் பாருங்கள். அப்போதும் விட்டுவிட்டு மின்னினால், மீட்டரில் கோளாறு அல்லது உங்கள் கணக்கில் வேறு யாரோ குளிர்காய்கிறார்கள். நின்றுவிட்டதா? சரி, 1000 வாட் ஹீட்டரை மட்டும் 15 நிமிடம் ஓடவிட்டு எண்ணுங்கள். மீட்டர் முகப்பில் 3200 என்று போட்டிருந்தால் (ஒரு யூனிட்டுக்கு விளக்கு அத்தனை முறை மின்னும் என்று அர்த்தம்), சுமார் 800 முறைதான் மின்ன வேண்டும். என் மீட்டர் ஆயிரத்தைத் தாண்டியது!

அப்புறம் புகாரை எழுத்தில் கொடுத்து, தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். வழக்கமான தொகையை மட்டும் ‘ஆட்சேபத்துடன்’ என்று எழுதிக் கட்டுங்கள். மொத்தமாக நிறுத்தினால் இணைப்பைத் துண்டிக்க நீங்களே சாக்குக் கொடுத்ததாகிவிடும். மசியாவிட்டால் அவர்களுக்கு உரிமம் கொடுத்த ஒழுங்குமுறை ஆணையத்துக்கு எழுதுங்கள்.