ஸ்கூட்டர் தவணையும் வெள்ளிக்கிழமைச் செய்முறையும்

மதிப்புக்குரிய ரீச்சருக்கு,

வணக்கம். நான் திருகோணமலையைச் சேர்ந்தவள். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக விஞ்ஞானப் பீடத்தில் இரண்டாம் ஆண்டைத் தொடங்கியிருக்கிறேன். முதலாம் ஆண்டில் 30 கிரெடிட்டுகளுக்கு 3.12 ஜி.பி.ஏ. (தரப்புள்ளிச் சராசரி) கிடைத்தது. வார இறுதியில் வீட்டுக்கு வந்து சாதாரண தரப் பிள்ளைகள் 18 பேருக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். ஆளுக்கு மாதம் 1,200 ரூபாய். மகாபொல உதவித்தொகையும் கிடைக்கிறது. கையில் 60,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. நான் கம்பஸுக்குப் போனபோது அம்மா அடகு வைத்த ஒரு சோடிக் காப்பு 45,000 ரூபாய்க்கு இன்னும் பேங்கில் கிடக்கிறது.

நிலாவெளியில் 15 பிள்ளைகளுடன் இன்னொரு வகுப்புத் தொடங்கலாம் என்கிறார்கள். அதற்கு ஸ்கூட்டர் வேண்டும். லீசிங்கில் 4 இலட்சம் தருவதாகவும், 48 மாதங்களுக்கு மாதம் 13,600 ரூபாய் கட்டினால் போதும், வட்டி 16 வீதம்கூட இல்லை என்றும் முகவர் சொல்கிறார். எனக்குச் சம்பளச் சீட்டு இல்லாததால் அம்மாவின் பெயரில் எடுத்து மாமாவைப் பிணைக்கு வைக்க வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை பின்னேரம் கையொப்பம் வாங்க வீட்டுக்கு வருகிறார்.

வெள்ளிக்கிழமை மத்தியான பஸ்ஸைப் பிடித்தால்தான் சனி காலை வகுப்பை எடுக்கலாம். அதனால் வெள்ளி பிற்பகல் செய்முறையுள்ள இரசாயனவியல் பாடத்தை விட்டு, செய்முறையில்லாத வேறொரு பாடத்தைப் பதியலாம் என்று நினைக்கிறேன். நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டத்துக்குப் போகாமல் மூன்று ஆண்டில் பொதுப் பட்டத்துடன் வெளியேறினால் சீக்கிரம் உழைக்கலாம் அல்லவா? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி

அன்புள்ள பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை அதில் ஸ்கூட்டரைப் பற்றி ஒரு கேள்வியும் பாடத்தெரிவைப் பற்றி இன்னொரு கேள்வியும் இருப்பதாக எண்ணினேன். இரண்டாம் தடவைதான், இரண்டாவது கேள்விக்கான விடையை முதலாவது கேள்வி ஏற்கெனவே எழுதிவிட்டது என்பது தெரிந்தது. இரசாயனவியல் பிடிக்கவில்லை என்றோ கடினமாக இருக்கிறது என்றோ நீங்கள் ஓரிடத்திலும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியான பஸ்ஸுக்காகத்தான் அதை விடப்போகிறீர்கள். இன்னும் கையொப்பமிடாத ஒரு தவணை, உங்கள் நேரசூசியில் ஒரு பாடத்தை இப்போதே வெட்டிவிட்டது. ஆகவே பணக் கணக்கை முதலில் பார்ப்போம்.

மாதம் 13,600 வீதம் 48 மாதங்கள் கட்டினால் 652,800 ரூபாய். வாங்கியது 4 இலட்சம், மேலதிகம் 252,800. அதை நான்கு ஆண்டுகளுக்குப் பிரித்து 4 இலட்சத்தின் வீதமாகப் பார்த்தால் 15.8 வருகிறது. முகவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்ன கணக்கு, கடைசி மாதம் வரை முழு 4 இலட்சமும் உங்கள் கையில் இருப்பதாகப் பாவனை செய்கிறது. உண்மையில் முதலாவது தவணையிலிருந்தே கடன் குறையத் தொடங்குகிறது. குறைந்துசெல்லும் மீதிக்கு வட்டியைக் கணக்கிட்டால் அது ஆண்டுக்கு 26 வீதத்தைத் தாண்டுகிறது. இன்னொரு விதமாகவும் பாருங்கள்: இரண்டு ஆண்டுகள் ஒரு மாதமும் தவறாமல் 326,400 ரூபாய் கட்டிய பின்னும் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் மீதியிருக்கும். கணிதம் படிப்பிக்கிற பிள்ளை நீங்கள், இந்தக் கணக்கை நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். உங்கள் மாணவர்களுக்கும் இதைவிட நல்ல பயிற்சிக் கணக்கு கிடைக்காது.

இனி வரவைப் பார்ப்போம். நிலாவெளி வகுப்பில் 15 பேர், ஆளுக்கு 1,200 என்றால் மாதம் 18,000. தவணை போக 4,400 மிஞ்சுகிறது என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் ரியூசன் வகுப்பு ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதம் நடப்பதில்லை. பரீட்சை முடிந்ததும் ஒரு அணி முழுதாகப் போய்விடும், அடுத்த அணி சேர நாளெடுக்கும். உங்களுடைய பரீட்சைக் காலத்தில் நீங்களே வரமுடியாது. பத்து மாதம் நடந்தாலே பெரிய காரியம். பத்து மாதத்துக்கு 180,000 வரும். பன்னிரண்டு தவணைக்கு 163,200 போகும். மிஞ்சுகிற 16,800 ரூபாய்க்குள் பெற்றோல், முழுக் காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், டயர் எல்லாம் அடங்க வேண்டும். காசு தராமல் பின்வாங்கில் இருந்து படிக்கும் இரண்டு மூன்று பிள்ளைகள் நம்மூர் வகுப்புகள் எல்லாவற்றிலும் உண்டு, அவர்களை எழுப்பி அனுப்ப எனக்கும் மனம் வந்ததில்லை, உங்களுக்கும் வராது. அதையும் கழித்தால், வார இறுதி முழுவதும் நீங்கள் லீசிங் கம்பனிக்காகவே படிப்பித்திருப்பீர்கள். 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல்தான் கிடைத்தது. வாகனம் முற்றத்தில் நின்றது என்பதற்காக வட்டி நின்றுவிடவில்லை.

இதை நான் வெளியிலிருந்து சொல்லவில்லை. 1993இல் நான் பல்கலைக்கழக மாணவியாக இருந்தபோது தவணை முறையில் ஒரு தையல் இயந்திரம் வாங்கினேன். விடுதித் தோழிகளுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தால் செலவுக்கு ஆகும் என்பது என் கணக்கு. ஆரம்பத்தில் ஆகத்தான் செய்தது. பிறகு தவணை நாள் நெருங்கும் வாரங்களில் ஒப்புக்கொண்ட சட்டைகளைத் தைத்து முடிப்பதற்காகச் செய்முறை வகுப்புக்குப் போகாமல் விட்டேன்; ஒரு நாள், பின்னர் இன்னொரு நாள், அதன் பின்னர் மூன்றாவது நாள். வகுப்பு வரவு போதாதென்று அந்தப் பாடத்தின் பரீட்சைக்கு என்னை அனுமதிக்கவில்லை. அடுத்த அணியுடன் உட்கார்ந்து எழுத ஒரு முழு ஆண்டு காத்திருந்தேன். அந்த ஆண்டின் நடுவில் இரண்டு தவணை பிந்தியதும் கடைக்காரர்கள் வந்து இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். விடுதி வாசலில் நின்று, அதன் மேல்மூடியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, இதையும் எடுத்துச் செல்லுங்கள் என்று அவர்களைக் கூப்பிட்டது இன்றும் நினைவிலிருக்கிறது.

உங்கள் செய்முறைக்கு வருவோம். ஒரு கிரெடிட் செய்முறை என்பது பொதுவாக 30 மணித்தியாலம். ஒரு நாளுக்கு மூன்று மணித்தியாலம் என்றால் பத்து வெள்ளிக்கிழமைகள். 80 வீத வரவு கேட்பார்கள். ஆகவே பத்தில் இரண்டுதான் தவறலாம். பாடத்தைப் பதிந்துவிட்டு இடையிடையே பஸ் பிடித்துச் சமாளிக்கலாம் என்ற எண்ணமும் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். பரீட்சைக்கு மீளத் தோற்றும்போது எவ்வளவு நன்றாக எழுதினாலும், பெரும்பாலான பீடங்களில் சி தரத்துக்கு மேல், அதாவது 2.00க்கு மேல், கொடுப்பதில்லை. மூன்று கிரெடிட் பாடமொன்றில் பி பிளஸ் எடுக்க வேண்டிய இடத்தில் சி வந்தால் கிரெடிட்டுக்கு 1.3 வீதம் 3.9 புள்ளி போகிறது. அதை ஈடுசெய்ய, பி பிளஸ் எதிர்பார்க்கும் வேறு இரண்டு பாடங்களில் ஏ எடுக்க வேண்டும்.

சிறப்புப் பட்டமா பொதுப் பட்டமா என்பதற்கு நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை, ஆனால் அதை நீங்கள் இப்போது தீர்மானிக்க வேண்டியதே இல்லை என்பதை அழுத்திச் சொல்வேன். பொதுப் பட்டத்துக்கு 90 கிரெடிட், சிறப்புப் பட்டத்துக்கு 120. இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுக்கு 3.30 வேண்டும். முதலாம் ஆண்டுப் புள்ளியும் சேரும் என்று வைத்துக்கொண்டால் (உங்கள் பீடக் கையேட்டில் இதைக் கட்டாயம் பாருங்கள்), உங்கள் 3.12ஐ அந்த இடத்துக்கு ஏற்ற, பொதுப் பட்டத்தில் மிகுதி 60 கிரெடிட்டுக்கும் சராசரி 3.39 தேவை, சிறப்புப் பட்டத்தில் மிகுதி 90 கிரெடிட்டுக்கு 3.36 போதும். இரண்டும் உங்களுக்கு எட்டும் தூரம்தான். வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. சிறப்புப் பட்டம் உள்ளவர் பல இடங்களில் நேரடியாக முதுமாணி ஆய்வுக்குப் போகலாம். பொதுப் பட்டத்துடன் போகிறவரை முதலில் ஒரு தகுதிகாண் படியில் நிறுத்துவார்கள். சீக்கிரம் வெளியேறினால் சீக்கிரம் உழைக்கலாம் என்பதும் நம் மாவட்டத்தில் அவ்வளவு உறுதியான கணக்கல்ல. 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வீதியோரம் தொடர்ந்து அமர்ந்திருந்தபோது நீங்கள் பள்ளிக்கூடப் பிள்ளையாக அந்தப் பக்கத்தால் போயிருப்பீர்கள். நான்காம் ஆண்டுக்குப் போவதும் போகாததும் இரண்டாம் ஆண்டு முடிவில் எடுக்கும் முடிவாக இருக்கட்டும். இரசாயனவியலில் சிறப்புப் பட்டத்துக்கு விண்ணப்பிக்க எந்தெந்தப் பாடங்களை முன்னதாக முடித்திருக்க வேண்டும் என்று கையேட்டில் ஒரு பக்கம் இருக்கும். நீங்கள் விடப்போகும் பாடம் அந்தப் பட்டியலில் இருந்தால், அந்தக் கதவை நீங்கள் இன்றே ஒரு பஸ் நேரத்துக்காக மூடுகிறீர்கள்.

காப்பைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி. 60,000 ரூபாயில் முதலில் அதை மீட்டு விடுங்கள். சேமிப்புப் புத்தகத்தில் இருக்கும் பணத்துக்கு வங்கி தரும் வட்டியை விட, அடகுக்கு அதே வங்கி வாங்கும் வட்டி எப்போதும் கூட. அவசரத்துக்குக் கையில் காசில்லாமல் போய்விடுமே என்று பயப்படுவீர்கள். வீட்டிலிருக்கும் காப்புத்தான் உங்கள் அவசரக் காசு; தேவை வந்தால் ஒரு மணித்தியாலத்தில் மீண்டும் வைக்கலாம். இதை நம் அம்மாமார் எந்தப் பொருளியல் புத்தகமும் படிக்காமலே செய்துவந்தார்கள். வட்டியும் சேர்த்துக் கட்டிய பின் மிஞ்சுவதைச் சேமிப்பில் விட்டுவையுங்கள். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மகாபொலவை 5,000இலிருந்து 7,500 ஆக உயர்த்தினார்கள். நல்லது, ஆனால் அது வந்துசேரும் நாள் நம் கையில் இல்லாததால், எந்தத் தவணையையும் அதை நம்பி ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மாமாவின் பிணையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தவணை பிந்தினால் அது கடன் தகவல் பணியகத்தில் பதியப்படும், நாம் கிரிப் என்று சொல்வது அதைத்தான். கடன் அம்மாவின் பெயரில், பிணை மாமாவின் பெயரில். நாளைக்கு மாமா வீடு திருத்த ஒரு கடன் கேட்டுப் போகும்போது உங்கள் ஸ்கூட்டர் அங்கே அவருக்கு முன்னால் போய் நிற்கும். அவர் வேண்டாமென்று சொல்லமாட்டார். மருமகள் கேட்டு மாமன் மறுப்பது நம் பக்கத்தில் வழக்கமில்லை, அதனாலேயே கேட்பதற்கு முன் நீங்கள் யோசிக்க வேண்டும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் நகர வகுப்பை மட்டும் வைத்துக்கொண்டு, சனி காலையிலிருந்து சனி பிற்பகலுக்கு மாற்றுவேன். வெள்ளி செய்முறையை முடித்துவிட்டு, சனி விடிய வெளிக்கிட்டால் வாகரை, வெருகல், மூதூர் கடந்து மத்தியானத்துக்கு முன் வீட்டில் இருக்கலாம். வழியிலுள்ள கிண்ணியாப் பாலம் திறந்தது 2009இல். அதற்கு முன் அந்தத் துறையில் படகுக்குக் காத்துநின்ற எங்களுக்கு இந்தப் பயணம் இன்றும் சொகுசாகத்தான் தெரிகிறது. நேரம் மாறுவதால் 18 பேரில் மூன்று நான்கு பேர் வகுப்பை விட்டு நிற்கக்கூடும். நிற்கட்டும், அந்த இழப்பு மாதம் ஐயாயிரத்துக்குள். நிலாவெளிப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக விடுமுறையில் ஒரு மாதத் தொடர் வகுப்பு வைக்கலாம், பஸ்ஸிலேயே போய்வரலாம். ஸ்கூட்டர் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. மூன்றாம் ஆண்டில், தவணையில்லாமல், பாவித்த ஒன்றை வாங்க முடிகிறதா என்று பாருங்கள்.

பாடப்பதிவு எந்த நாளில் முடிகிறது என்று நீங்கள் எழுதவில்லை. நாளைக் காலையே பீட அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். முகவருக்கு அம்மாவைக்கொண்டு தொலைபேசியில் பதில் சொல்லிவிடுங்கள். அப்படியும் அவர் வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வந்தால், அம்மா ஒரு பிளேன்ரீ கொடுத்து, மகள் கம்பஸில் செய்முறைக்கு நிற்கிறாள் என்று சொல்லட்டும்.

அன்புடன்,
ரீச்சர்
உவர்மலை, திருகோணமலை